குடும்பமும் பொருளும்: கடன் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

நம் சங்கத்து அன்பர்கள் சிலர் அண்மையில் ஒரே வினாவைப் பல விதமாக நம்மிடம் கேட்டனர். பாங்கி தரும் வட்டி விலைவாசிக்கு ஈடுகொடுக்கவில்லை; ‘பிரைவேட் டெட்’ என்ற பெயரில் கம்பெனிகளுக்கு நேரே கடன் கொடுத்தால் கூடுதல் வட்டி கிடைக்கும் என்று ஏஜெண்டுகள் வீடு தேடி வருகின்றனர்; அதில் இறங்கலாமா என்பதே அவ்வினா. ஊரை விட்டு வந்து, வாடகை வீட்டில் வாழ்ந்து, பெண்ணின் கல்யாணத்துக்கும் சொந்த ஊரில் ஒரு சிறு வீட்டுக்குமென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைப் பற்றிய கேள்வி இது. ஆகையால் இம்மாதம் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

பாங்கியில் நாம் போடும் பணமும் கடன்தான். ஆனால் அதை யாருக்குக் கொடுப்பது, ஈடாக எதை வாங்குவது, தவணை தவறினால் எப்படி வசூலிப்பது என்ற கவலைகளைப் பாங்கி ஏற்றுக்கொள்கிறது. பாங்கியே முறிந்துபோனாலும், வட்டியும் முதலுமாக ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு 2020 முதல் உண்டு. தனிக் கடனிலோ இடையில் பாங்கி இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை.

ஆகவே அதில் கிடைக்கும் கூடுதல் வட்டி இனாம் அன்று. மூன்று பாரங்களைச் சுமப்பதற்குக் கூலி. கடன் வாங்கியவர் திருப்பித் தராமற்போகலாம் என்பது முதல் பாரம். அவசரத்துக்குப் பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பது இரண்டாவது. இது இடையில் எங்கும் நில்லாத வண்டி, ஏறினால் முடிவு வரையில் பயணம். கம்பெனியின் உள்விவகாரம் நமக்குத் தெரியாது என்பது மூன்றாவது. இவற்றைச் சுமக்க வல்லவர்களுக்கே இத்தொழில் உரியது என்பதைச் சர்க்காரும் உணர்ந்துள்ளது. இதற்கென்றே செபியிடம் பதிவு செய்த நிதிகளில் சேர, பொதுவாகக் குறைந்தது 1 கோடி ரூபாய் வேண்டும். ஒரு கம்பெனி தனிப்பட்ட முறையில் கடன் பத்திரம் விற்பதானால், பொதுவாக ஆண்டொன்றுக்கு 200 பேருக்கு மேல் விற்கலாகாது. அங்ஙனமிருக்க, ஒருவர் பேட்டை முழுதும் வீடு வீடாகச் சென்று ‘தனிக் கடன்’ திரட்டினால், அதுவே நம்மை எச்சரிக்கப் போதுமானது.

நிற்க. நாம் வாழும் இந்நகரத்திலேயே இதற்குப் பாடம் உண்டு. 1975-ஆம் ஆண்டு ஜூலையில் கல்கத்தாவில் சஞ்சயிதா இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்றொரு கூட்டு வியாபார ஸ்தாபனம் தோன்றியது. அதன் மூலதனம் 7,000 ரூபாயே. பொதுமக்களிடம் அது கடன் வாங்கியது. ரசீதில் எழுதிய வட்டி 12 சதவீதம். உண்மையில் கொடுத்ததோ 48 சதவீதம் வரை. ரசீதுக்கு மேற்பட்டது ரொக்கமாகக் கைக்கு வந்தது. ஆயிரம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 480 ரூபாய் ஈட்டும் வியாபாரம் படா பஜாரில் எத்தனை என்று கடன் கொடுத்தோர் ஒரு கணம் எண்ணியிருக்கலாம். வியாபாரத்தில் லாபமில்லையெனில், கொடுத்தவர் பணமே வட்டியாகத் திரும்பி, இரண்டே ஆண்டில் முதல் ஏறக்குறைய முழுதும் கரைந்துவிடும். பிறகு புதிதாக வருபவர் பணத்தால்தான் பழையவருக்கு வட்டி.

1980-இல் போலீஸ் நடவடிக்கை வந்தது. ஆனால் 1982 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு, பணச் சுழற்சித் திட்டங்களைத் தடுக்கும் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குப் பொருந்தாதென்று கூறி, அச்சட்டத்தின் கீழ் நடந்த விசாரணையை ரத்து செய்தது. அதிக வட்டிக்குக் கடன் வாங்கியது மட்டுமே அச்சட்டப்படி குற்றமாகவில்லை. கடன் கொடுத்தோர் தம் பணத்துக்காகக் காத்திருந்தனர். பார்சல் ஆபீஸில் ரசீதில் ஏறாத மூட்டைக்கு எவரும் ஜவாப்தாரியாவதில்லை. ரசீதில் ஏறாத வட்டியும் அத்தகையதே. இதே நகரத்தில் 2013 ஏப்ரலில் சாரதா ஸ்தாபனங்கள் வீழ்ந்தபோதும் லட்சக்கணக்கான எளிய குடும்பங்கள் அழுதன. அவற்றை இங்கே ‘சிட் ஃபண்ட்’ என்று அழைத்தாலும், பதிவு பெற்று ஏலம் நடத்தும் நம் ஊர்ச் சீட்டுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

அப்படியாயின் பத்திரமும் ஈடும் இருந்தால் அச்சமில்லையா? அதுவும் முழு உண்மையன்று. கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ரேய் கம்பெனிகள் ஈட்டுடன் கூடிய கடன் பத்திரங்களைப் பொதுமக்களுக்கு முறைப்படி விற்றிருந்தன. அவை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பெற்றவையே. 2021 அக்டோபரில் ரிசர்வ் பாங்கி அக்கம்பெனிகளின் நிர்வாகக் குழுக்களை நீக்கியது. அம்மாதமே விவகாரம் திவால் மன்றத்துக்குச் சென்றது. தீர்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2023 ஆகஸ்டில். ஏறக்குறைய இரண்டாண்டு! அதற்குள் ஒரு கல்யாணமோ, காலேஜ் சம்பளமோ, ஆஸ்பத்திரிச் செலவோ வந்த வீட்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். பகிரங்கமாக விற்ற பத்திரத்துக்கே இந்நிலையெனில், தனிப்பட்டு வாங்கிய பத்திரத்துக்கு எந்நிலை வரும்?

கம்பெனி முறிந்து அதன் சொத்துக்களை விற்கும்போது யாருக்கு முதலில் பணம் என்பதற்கும் 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் வரிசை உண்டு. முதலில் அந்நடவடிக்கையின் செலவு, அடுத்து, தொழிலாளரின் 24 மாதச் சம்பள பாக்கியும் ஈடு பெற்றவர் கடனும் சமமாக, பின்னர் மற்ற ஊழியர் பாக்கி, அதன் பின்னரே ஈடின்றிக் கடன் கொடுத்தவர், கடைசியில் பங்குதாரர். வரிசையில் நம் இடம் எதுவென்று அறியாமல் பணம் கொடுப்பவர், வாசல் தெரியாமல் வீடு வாங்குபவரே ஆவர்.

ஆகவே எவர் வந்து கேட்டாலும் ஐந்து கேள்விகள் கேளுங்கள். கடன் வாங்குவது யார், ஏஜெண்டா, கம்பெனியா? எந்த வியாபாரத்துக்கு, அதில் இவ்வட்டிக்கு மேல் லாபம் வருமா? ஈடு என்ன, அதே ஈட்டின்மேல் பாங்கிக்கு முன்னுரிமை உண்டா? நடுவில் பணம் தேவைப்பட்டால் யார் வாங்கிக்கொள்வார்? சொன்னதனைத்தும் பத்திரத்தில் எழுத்தில் உள்ளதா? ஒன்றுக்கேனும் தெளிவான விடை வராவிடில், காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தனிக் கடன் தீயதென்று நாம் கூறவில்லை. தொழில்கள் வளரக் கடன் வேண்டும். கொடுப்பவருக்கு நியாயமான வட்டியும் வேண்டும். ஐந்தாண்டு திரும்பாவிட்டாலும் அடுப்பு அணையாது என்ற பணமிருப்பின், அதில் ஒரு சிறு பங்கை ஆராய்ந்து கொடுக்கலாம். பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் அப்பணம் அல்ல. அவை நம் முதுமைக்கு நாமே எழுதிவைத்த கடன்; அதை முதலில் தீர்ப்போம்.