பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது

டிசம்பர் கடைசி வாரம் நமக்குக் கொண்டாட்ட வாரமாக இருந்ததில்லை. கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றது 1968 டிசம்பர் 25 இரவு. வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது 2022 டிசம்பர் 26. அஞ்சலிக் கூட்டம் முடிந்த கையோடுதான் புத்தாண்டு வாழ்த்துகளுக்குப் பதில் போடுகிறோம்.

2025 ஜனவரியில், வேங்கைவயல் வழக்கில் பாதிக்கப்பட்ட மக்களிலேயே மூவரைக் குற்றம் சாட்டி சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஜூலையில் பாளையங்கோட்டையில் 27 வயது மென்பொருள் பொறியாளரை வெட்டிக் கொன்றார்கள். காதல்தான் காரணம். படித்து நல்ல வேலைக்குப் போனால் சாதி விட்டுவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவந்தவர்கள் நாம். இனி எந்த முகத்தோடு சொல்வது?

ஆனால் அந்தக் குடும்பம் கைது கோரி நாட்கணக்கில் உடலை வாங்க மறுத்தது. இருக்கும் சட்டங்களே போதும் என்றிருந்த அரசு, அக்டோபரில் ஆணவக்கொலைத் தடுப்புச் சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது. இது யாரும் போட்ட பிச்சை அல்ல. 2026ஐ நாம் நம்பிக்கையோடு பார்ப்பது இதனால்தான்.

ஆணையம் என்றாலே கிடப்பில் போடுவது என்ற சந்தேகம் நமக்கும் உண்டு. அதற்காகச் சும்மா இருக்க முடியாது. தஞ்சம் தேடி வரும் காதலர்களைக் காவல் நிலையத்தில் ‘பேசி முடித்து’ப் பெற்றோரோடே அனுப்பிவிடுவதைக் களத்தில் பார்த்துவருகிறோம். அது தேதியோடும் நிலையத்தின் பெயரோடும் ஆணையத்துக்கு எழுத்தில் போக வேண்டும். தோழர்களே, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோங்கள். அப்படித் தப்பி வந்தவர்கள் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு, உட்கார்ந்து எழுதி வாங்கி வாருங்கள்.