எலிக்கு ஒரு மருந்து, நமக்கு மூன்றா?

போடியிலிருந்து விடிய ஜீப் ஏறி மெட்டுக்குப் போய் ஏலத்துக்கு மருந்தடிக்கிறோம். பேனுக்கு ஒண்ணு, தண்டு துளைப்பானுக்கு ஒண்ணு, அழுகலுக்கு ஒண்ணு, எல்லாம் ஒரே டிரம்மில். அடிகூலி மிச்சம், வேறென்ன செய்ய?

டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை அடையாளம் இருக்கிறதே, எலிக்குக் கொடுத்து, பாதி எலி சாகிற அளவைப் பார்த்துப் போட்டது அது. உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் செத்தால் சிவப்பு. கம்பெனி கலந்து விற்கிற மருந்து என்றால் அந்தக் கலவையையும் சோதித்தாக வேண்டும். நாம் டிரம்மில் கலப்பதை யார் சோதித்தது? நாம்தான் எலி!

1957-லேயே அமெரிக்காவில் மாலத்தியானோடு ஈ.பி.என். என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். எலிக்கும் நாய்க்கும் விஷம் பல மடங்கு ஏறியது. மாலத்தியானை முறிக்கிற உடம்பின் சக்தியை மற்றது கெடுத்துவிட்டது. 2017-இல் மகாராஷ்டிரா யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கேயும் கலந்து அடிக்கிற பழக்கம்தான்.

ஏற்றுமதிக் காயில் மருந்து எச்சம் பார்க்க ஆய்வகம் உண்டு. அடிக்கிறவன் ரத்தத்தை யாரய்யா பார்க்கிறது?

அரசே! மலையில் நாங்கள் கலக்கிற கலவைகளைச் சோதித்து முடிவைச் சொல்! எதை எதோடு கலக்கக் கூடாதென்று தமிழில் எழுதி மருந்துக்கடை வாசலில் மாட்டு! அதுவரை டிரம்முக்கு ஒரே மருந்துதான் ஊற்றுவோம்.