எம்.பி. அலுவலகத்து மனுக்கள் எங்கே போகின்றன?

திருப்பூர் தொகுதியில் இருந்து மக்களவைக்குப் போன முதல் உறுப்பினர், வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடங்களையே நினைத்துக்கொண்டிருந்தவர். தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1903-ல் திருப்பூரில் பிறந்தார். விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார். 1930-ல் கோவையில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைத் தொடங்கினார். பெரியநாயக்கன்பாளையத்தில் அதன் கட்டடத்துக்கு 1934-ல் அடிக்கல் நாட்டியவர் காந்தி. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தபோது தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். தமிழின் முதல் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வந்தது அந்தக் கழகத்தின் வழியாகத்தான். 1952 பொதுத்தேர்தலில் காங்கிரஸ் சார்பில் வென்று டில்லி சென்றார்; 1958 முதல் 1964 வரை மாநிலங்களவையிலும் இருந்தார்.

மத்திய அரசின் பணம் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தின் வாசல் வரை வரத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். அன்று கல்வி பெரும்பாலும் மாநிலப் பட்டியலில் இருந்தது. ஆனாலும் ஐந்தாண்டுத் திட்டங்களின் வழியாக டில்லி நிதி கொடுத்தது. ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு சொன்னபடி, தொழிற்பாடங்களையும் சேர்த்துக் கற்பிக்கும் பல்நோக்கு உயர்நிலைப் பள்ளிகள் நாடெங்கும் வந்தன. 1956-ல் ஊரக உயர்கல்வி நிலையங்களை மத்தியக் கல்வி அமைச்சகம் தொடங்கியபோது, காந்திகிராமத்துக்கும் கோவை வித்யாலயத்துக்கும் இடம் கிடைத்தது. கடல் கடந்தும் உதவி வந்தது. 1961 முதல் கேர் நிறுவனத்தின் மூலம் தமிழகப் பள்ளிகளின் மதிய உணவுக்கு அமெரிக்கப் பால் பவுடர் வந்தது. வரிசையில் டம்ளரோடு நின்று அதை வாங்கிக் குடித்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள்.

அவினாசிலிங்கம் அவையில் என்ன பேசினார் என்பதை இன்று யாரும் படிக்கலாம். 1952 முதலான மக்களவை விவாதங்கள் நாடாளுமன்றத்தின் மின்நூலகத்தில் கிடைக்கின்றன. ஆனால் தொகுதி மக்கள் அவருக்கு என்ன எழுதினார்கள்? எந்த ஊர்க்காரர்கள் பள்ளிக் கூரைக்குப் பணம் கேட்டார்கள்? யாருக்கு அவர் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார், யாருடைய கோரிக்கையை அமைச்சகம் திருப்பி அனுப்பியது? இந்தக் காகிதங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவருக்கு அடுத்து வந்தவர்களின் நிலையும் இதுதான். ஒரு மக்கள் பிரதிநிதியின் அலுவலகக் காகிதங்கள் அவருடைய சொந்தச் சொத்தாகவே கருதப்படுகின்றன. பதவிக்காலம் முடிந்து வாடகை அலுவலகத்தைக் காலி செய்யும் நாளில் அவை பழைய பேப்பர் கடைக்குப் போனாலும் கேட்பாரில்லை.

அப்படிப் போகவிடக் கூடாது என்பதற்கு அருள்புரத்தைச் சொன்னாலே போதும்.

பல்லடம் சாலையில் இருக்கும் அருள்புரம் பிழைப்பால் திருப்பூரோடு ஒட்டியது; சாயப் பட்டறைகள், பொதுச் சுத்திகரிப்பு நிலையம், பனியன் கம்பெனிகள், லைன் வீடுகள் என ஊரே பின்னலாடைத் தொழிலைச் சுற்றி வளர்ந்தது. ஆனால் நிர்வாகத்தில் அது கரைப்புதூர் ஊராட்சி, பல்லடம் ஒன்றியம். ஓட்டு போடுவது பல்லடம் சட்டமன்றத் தொகுதிக்கு. பல்லடம் சேர்ந்திருப்பதோ கோவை மக்களவைத் தொகுதியில். திருப்பூர் மாவட்டமே 2009-ல்தான் பிறந்தது; அதற்கு முன் அருள்புரத்தின் நிர்வாகமெல்லாம் கோவையில் இருந்து நடந்தது. ஆக, இந்த வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கு எந்த ஆண்டு, எந்தக் கணக்கில் பணம் வந்தது என்று தேடுகிறவர் இரண்டு மாவட்டங்களின் அலுவலகங்களில் ஏறி இறங்க வேண்டும்.

பல நேரங்களில் மிஞ்சுவது வகுப்பறைச் சுவர்தான். வாசலுக்கு மேலே பெயின்டில் எழுதிய நான்கு வரி: நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டு, மதிப்பீடு, பணியின் பெயர். அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது அதுவும் மறைந்துவிடும்.

அந்த நிதி 1993 டிசம்பரில் தொடங்கியது. முதலில் உறுப்பினர் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய். 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி. உறுப்பினர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் வேலையை முடிக்கும். எந்த வேலைக்கு எவ்வளவு என்ற பட்டியல் இன்று இணையத்தில் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் பட்டியலில் இருப்பது கிடைத்தவர்களின் கதை. கேட்டும் கிடைக்காதவர்களின் கதை மனுக்களில்தான் இருக்கிறது. நூறு பெண் பிள்ளைகளுக்கு இரண்டு கழிப்பறை என்று தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்திருப்பார். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியான ஒரு தாய், சுற்றுச்சுவர் இல்லாததால் லாரி போகும் சாலைக்குப் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்று கையெழுத்திட்டிருப்பார். கொரோனாவைக் காரணம் காட்டி 2020 ஏப்ரலில் இந்த நிதி நிறுத்தப்பட்டது. 2021 நவம்பரில்தான் மீண்டது. அந்த இடைவெளியில் கேட்ட பள்ளிகளுக்கு மனு ஒன்றுதான் சாட்சி.

கேந்திரிய வித்யாலயாக்களில் உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்து இடங்கள் பரிந்துரைக்கும் உரிமை இருந்தது. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி என்றே படுகிறது. ஆனால் அத்தனை ஆண்டுகளும் அந்த இடங்கள் எந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயின, எந்த வீட்டுப் பிள்ளைகள் கேட்டுக் கிடைக்காமல் திரும்பினார்கள் என்ற கணக்கை எடுக்க, அந்தக் கடிதங்கள் வேண்டும்.

இப்போது நடக்கும் பெரிய வழக்குக்கு வருவோம். 2018-19 முதல் சமக்ர சிக்‌ஷா என்ற ஒரே திட்டத்தின் கீழ் மத்திய அரசு 60 சதவீதமும் மாநிலம் 40 சதவீதமுமாகப் பள்ளிகளுக்குச் செலவிட வேண்டும். 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மத்தியப் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய், அந்த ஆண்டில் அது வரவில்லை. பி.எம். ஸ்ரீ பள்ளிகள் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும், அதன் வழியாக 2020 தேசியக் கல்விக் கொள்கையை ஏற்க வேண்டும் என்றது டில்லி. கொள்கையை ஏற்கும் வரியைச் சேர்க்க முடியாது என்றது சென்னை. 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. பி.எம். ஸ்ரீயில் சேராததற்காக இந்த நிதியை நிறுத்துவது நியாயமில்லை என்று திக்விஜய் சிங் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழுவும் சொன்னது.

இந்தப் பணத்தில்தான் பள்ளி மானியம் வருகிறது. நூறு முதல் இருநூற்றைம்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அதாவது சாக்பீஸ், மின்விளக்கு, குழாய் பழுது, கழிப்பறை சுத்தம். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்களின் சம்பளமும், பள்ளி செல்லாப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சி மையங்களும் இதில் அடங்கும். பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் ஊர்களில் இந்த மையங்கள் எவ்வளவு தேவை என்பது அங்கே பாடம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நடக்கும் 25 சதவீதச் சேர்க்கையும் இதில் சிக்கிக்கொண்டது. வழக்கமாகக் கோடையில் தொடங்கும் அந்தச் சேர்க்கை 2025-ல் அக்டோபரில்தான் தொடங்கியது.

பிள்ளைகளுக்கான பணத்தை நிறுத்தி வைத்து ஒரு மாநிலத்தைப் பணிய வைக்கப் பார்ப்பது தவறு. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சண்டை எதைச் சுற்றி நடந்தது என்று பாருங்கள். 2025 மார்ச்சில் மக்களவையில் அமைச்சர் தர்மேந்திர பிரதான், தமிழகம் முதலில் ஒப்புக்கொண்டு பிறகு பின்வாங்கியது என்றார். தமிழக உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் பிறகு அவர் வெளியிட்டது 2024 மார்ச் 15 தேதியிட்ட, தமிழக அரசின் கடிதம் ஒன்றை. அந்தக் கடிதம் ஒப்புதலா, குழு அமைத்துப் பரிசீலிப்போம் என்ற பதிலா என்று இரு தரப்பும் வரி வரியாக வாதாடின. இரண்டாயிரம் கோடி ரூபாய் வழக்கில் ஒரு பக்கக் கடிதத்துக்கு அத்தனை கனம்! அதற்கு முன்னும் பின்னும் போன கடிதங்கள் அனைத்தையும் இரு அரசுகளும் மக்கள் முன் வைத்திருந்தால், அருள்புரத்துப் பெற்றோர் கட்சிக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தாங்களே படித்து ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள்.

அமெரிக்காவிலும் சட்டப்படி ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் காகிதங்கள் அவருடைய சொந்தச் சொத்துதான். ஆனால் அவற்றைத் தம் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. கென்டக்கி மாநிலத்தின் கிழக்கில், நிலக்கரிச் சுரங்க மலைகளைப் பிரதிநிதித்துவப்படுத்திய கார்ல் பெர்கின்ஸ் 1949 முதல் 1984-ல் இறக்கும் வரை உறுப்பினராக இருந்தார். கல்வி, தொழிலாளர் குழுவின் தலைவராகப் பதினேழு ஆண்டுகள். ஏழைக் குடும்பங்கள் மிகுந்த பகுதிப் பள்ளிகளுக்குக் கூட்டாட்சி அரசின் பணம் போக வழிசெய்த 1965-ம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியதிலும் பிறகு அது வெட்டுப்படாமல் நின்றதிலும் அவர் பங்கு பெரிது. அவருடைய காகிதங்கள் கிழக்குக் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. காகிதங்களைப் பாதுகாக்கும்படி 2008-ல் அமெரிக்க நாடாளுமன்றம் உறுப்பினர்களைக் கேட்டுத் தீர்மானமும் போட்டது.

அங்கேயும் நிபந்தனை இல்லாமல் பணம் வரவில்லை. நிறம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் பள்ளிக்குக் கூட்டாட்சிப் பணம் கிடையாது என்று 1964-ம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் சொன்னது. தென் மாநிலப் பள்ளிகளின் கதவுகள் திறந்ததற்கு அந்த நிபந்தனையும் ஒரு காரணம். நிபந்தனை என்றாலே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகளின் உரிமையைக் காக்க விதித்ததா, ஒரு கொள்கையைத் திணிக்க விதித்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குக் காகிதம் வேண்டும்.

இந்தியாவில் 1993-ல் பொது ஆவணங்கள் சட்டம் வந்தது. அது மத்திய அரசுத் துறைகளையும் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது, எம்.பி.யின் மேசை அதற்குள் வராது. பெரிய தலைவர்களின் காகிதங்களுக்கு டில்லியில் நேரு நினைவு நூலகம் (இப்போது பிரதமர்கள் அருங்காட்சியகம், நூலகம்) இருக்கிறது. அங்கிருந்தே 2008-ல் நேருவின் காகிதங்கள் 51 பெட்டிகளில் குடும்பத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, அவற்றைத் திரும்பக் கொடுங்கள் என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாட்டின் முதல் பிரதமருக்கே அந்த நிலை என்றால், ஒருமுறை வென்று ஊர் திரும்பிய உறுப்பினரின் அலமாரியைப் பற்றி என்ன சொல்ல?

தனி மனிதர் சேர்த்தவை பொதுச் சொத்தாக மாறிய நல்ல கதையும் நம்மிடம் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாளில் சேர்த்த நூல்களும் துண்டறிக்கைகளும் அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகின.

திருப்பூருக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. மாவட்ட மைய நூலகத்தில் ஓர் அறை, ஆவணப் பராமரிப்பு தெரிந்த ஒருவர், ஒரு ஸ்கேனர். மனு கொடுத்தவர்களின் பெயரும் முகவரியும் வெளியே தெரியக் கூடாது என்பது நியாயமான கவலை. பெயர்களை மறைத்துத் திறக்கலாம், சில கோப்புகளை இத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் திறப்பது என்று எழுதி வாங்கலாம். எதிர்க்கட்சிக்காரன் எடுத்துப் பயன்படுத்துவான் என்று பயப்படுகிறவர்கள், தங்கள் பரிந்துரைகளை முன்கூட்டியே நன்றாக யோசித்து எழுதட்டும்.

கோவை, திருப்பூர் தொகுதிகளின் இன்றைய உறுப்பினர்களும் பல்லடம் சட்டமன்ற உறுப்பினரும் சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிகள் கொடுத்த மனுக்கள், அதற்கு மாவட்ட ஆட்சியரும் அமைச்சகங்களும் அனுப்பிய பதில்கள், தொகுதி நிதிப் பரிந்துரைகள் ஆகிய மூன்றையும் ஆண்டுவாரியாக ஒப்படைக்கிறேன் என்று இந்தக் கல்வியாண்டிலேயே அறிவிக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுக்களும் தங்கள் பங்குக்கு, கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு நகல் எடுத்து, தேதி முத்திரையோடு ஓர் ஒப்புகையும் வாங்கிப் பள்ளியிலேயே கோப்பு போட்டு வைக்கத் தொடங்கலாம். தலைமையாசிரியர் மாறுதலில் போகும்போது பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் மேசை, நாற்காலி, பீரோவோடு அந்தக் கோப்பும் ஓர் உருப்படியாக ஏற வேண்டும்.