நம் வீட்டு வரவேற்பறை யாருடையது?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கோப்பெங் வட்டாரத்துத் தாமான்களில் வேலை தொடங்கிவிடுகிறது. சுவர்களுக்குப் புதுச் சாயம் பூசப்படுகிறது. சன்னல் திரைச்சீலைகள் மாற்றப்படுகின்றன. நாற்காலி மெத்தைகளுக்குப் புது உறை போடப்படுகிறது. இவை எல்லாம் முடிந்த பிறகு, அறைக்குக் கடைசி மெருகு சேர்க்கும் வேலை மிஞ்சுகிறது. வெறுமையாகத் தெரியும் சுவரில் எதை மாட்டலாம், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் எதை வைக்கலாம், மூலையில் எந்த விளக்கை நிறுத்தலாம் என்று வீட்டார் யோசிக்கிறார்கள். பெரும்பாலும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈப்போவுக்குச் சென்று, நெகிழிப் பூக்களையும் அச்சிட்ட படங்களையும் வாங்கி வருகிறார்கள். அதே வாரத்தில், பாட்டியின் பித்தளை விளக்கும் சட்டம் உடைந்த பழைய நிழற்படமும் அட்டைப் பெட்டிக்குள் போகின்றன. சில வீடுகளில் அந்தப் பெட்டி குப்பைத் தொட்டிக்கே போய்விடுகிறது.

இந்தப் பழக்கத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. புதிய பொருள் வாங்குவதில் தவறில்லை. ஆனால், ஓர் அறையின் அலங்காரம் அந்த வீட்டில் வாழ்பவர் யார் என்பதைச் சொல்லும் ஒரு பொருளாவது இருந்தால்தான் நிறைவு பெறும். அப்படி ஒன்றும் இல்லாத வரவேற்பறை, அறைகலன் கடையின் காட்சிக் கூடத்தைப் போன்றது. பார்க்க அழகாக இருக்கும். யாருடையது என்று தெரியாது.

இதை விளக்கும் சான்று கோப்பெங்கிற்கு அருகிலேயே இருக்கிறது. கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையில் கெல்லிஸ் காசல் என்னும் மாளிகை நிற்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து மலாயாவுக்கு வந்து ரப்பர்த் தோட்ட முதலாளியான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915ஆம் ஆண்டில் இதைக் கட்டத் தொடங்கினார். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. கட்டுமான வேலைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். உயர்ந்த கோபுரமும் மின்தூக்கியும் அமைக்கத் திட்டமிடப்பட்டது. ஆனால், முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டிப் பரவிய ஸ்பானிய சளிக்காய்ச்சல் தொழிலாளர்களில் பலரைப் பலிகொண்டது. 1926ஆம் ஆண்டில் ஸ்மித் போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில் இறந்தார். மாளிகை வேலை அத்துடன் நின்றது. இத்தனை பொருட்செலவில் எழுந்த கட்டடம், ஒரு குடும்பம் குடியேறிச் சுவரில் தன் படத்தை மாட்டும் நாளைக் காணவே இல்லை.

அதே காலத்தில், அதே வட்டாரத்துத் தோட்டங்களில் தொழிலாளர்கள் லயத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். ஒன்றிரண்டு அறைகள், முன்னால் ஓர் அஞ்சடி, பின்னால் ஒரு சமையற்கட்டு, அவ்வளவுதான். வீடும் அவர்களுக்குச் சொந்தமில்லை. இருந்தாலும், அந்தச் சின்ன அறைகளை அவர்கள் வெறுமையாக விட்டுவிடவில்லை. பலகைச் சுவரில் பழைய செய்தித்தாள்களை ஒட்டினார்கள். அது இடுக்குகளை மறைத்தது, சுவருக்கும் ஒரு முகம் கொடுத்தது. கடைக்காரர் கொடுத்த நாள்காட்டியிலிருந்து சாமிப் படத்தைக் கத்தரித்து, சட்டம் போட்டுக் கிழக்குச் சுவரில் மாட்டினார்கள். நல்ல நாள்களில் நிலைப்படியில் மாவிலைத் தோரணமும் வாசலில் கோலமும் இருந்தன.

அந்தச் சாமிப் படங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஓவியர் ராஜா ரவிவர்மா 1894ஆம் ஆண்டில் மும்பையில் அச்சகம் ஒன்றைத் தொடங்கினார். அதுவரை அரண்மனைகளிலும் செல்வர் வீடுகளிலும் மட்டும் இருந்த வண்ண ஓவியங்கள், அச்சுப் படங்களாகி எளியவர் வீட்டுச் சுவருக்கும் வந்தன. பின்னர், கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898 – 1976) தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி நாள்காட்டிகள் வழியாகத் தமிழர் வீடுகளில் இடம்பிடித்தன. கடல் கடந்து வந்த தமிழருக்கு அத்தகைய ஒரு படம் அழகுப் பொருளாகவும் வழிபாட்டுப் பொருளாகவும் ஊர் நினைவாகவும் இருந்தது. அந்த ஒரு படத்தால் லயத்து அறை அவர்களுடைய வீடாக மாறியது. மாளிகையில் குறைந்துபோனது எதுவோ, அது லயத்து வீட்டில் இருந்தது.

பிறகு காலம் மாறியது. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்ட பல இடங்களில் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. தோட்டத்துக் குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்கும் தரைவீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. சொந்த வீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரிய முன்னேற்றமே. ஆனால், வீடு மாறும்போது சுமையைக் குறைப்பதற்காகப் பல பொருள்கள் கைவிடப்பட்டன. பால் சீவும் உளி, மங்கு, காண்டா வாளி, அம்மி, பித்தளைச் செம்பு, மண வீட்டில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம் ஆகியவை வறுமையை நினைவூட்டுகின்றன என்று சிலர் அவற்றை மறைத்தும் வைத்தார்கள்.

அந்த மனநிலையை நாம் புரிந்துகொள்ள வேண்டும். விடியற்காலை இருட்டில் மரம் சீவப் போனவருக்கு உளியைப் பார்த்தால் உழைப்பின் வலிதான் நினைவுக்கு வரும். அதைச் சுவரில் மாட்ட அவர் தயங்கினால் நாம் வற்புறுத்தக் கூடாது. ஆனால், அந்த உழைப்பினால் படித்து உயர்ந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதை வெட்கத்திற்குரிய பொருளாகப் பார்க்கத் தேவையில்லை. நம் நாட்டின் பொருளாதாரத்தை ஒரு காலத்தில் தாங்கிய தொழிலின் கருவி அது. அதற்கு வரவேற்பறையில் இடம் கேட்பது மிகையாகாது.

கோப்பெங் நகரம் இதை நன்றாக உணர்ந்திருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகம் 2009ஆம் ஆண்டில் உள்ளூர் மக்களின் முயற்சியால் திறக்கப்பட்டது. ஊர்மக்கள் தங்கள் வீடுகளிலிருந்து கொடுத்த பொருள்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அதைச் சார்ந்த மரபு இல்லத்தில், பழங்கால வீட்டின் அறைகள் அன்றைய அறைகலன்களோடு அமைக்கப்பட்டுள்ளன. ஈயச் சுரங்க நகரமான கோப்பெங்கின் வரலாறு இவ்வாறு காக்கப்படுகிறது. சாதாரண வீட்டுப் பொருளே நாளைய வரலாற்றுச் சான்று என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் போற்றப்படும் பொருளை, நம் வீட்டில் இருக்கும்போது குப்பை என்று எண்ணுவது பொருத்தமா?

இக்கருத்தை எல்லாரும் ஏற்பதில்லை. “பழைய பொருள்களை வைத்தால் அறை நெரிசலாகும், தூசு சேரும்,” என்கிறார்கள் சிலர். இது நியாயமான கவலை. ஆனால், எல்லாவற்றையும் வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஜப்பானியரின் மரபான வீடுகளில் தொக்கோனோமா என்னும் சிறு மாடம் உண்டு. அதில் ஒரே ஒரு சுருள் ஓவியமும் ஒரு பூவலங்காரமும் மட்டும் இருக்கும். பருவத்திற்கு ஏற்ப அவற்றை மாற்றுவார்கள். சுற்றிலும் வெறுமை இருப்பதால் அந்த ஒரு பொருளின் மீதே பார்வை நிற்கிறது. நாமும் ஒரு சுவரை அல்லது ஒரு மாடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒன்றிரண்டு பொருள்களை மட்டும் வைக்கலாம். மற்றவற்றைப் பத்திரப்படுத்தி, அடுத்த தீபாவளிக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிய நாற்காலியும் பழைய செம்பும் ஒரே அறையில் சண்டையின்றி வாழும்.

“எங்கள் வீட்டில் பழைய பொருள் ஒன்றுமே இல்லை,” என்று சொல்பவர்களும் உண்டு. உற்றுப் பார்த்தால் ஏதாவது ஒன்று கிடைக்கும். கிழிந்துபோன கூறைப்புடவையின் சரிகைக் கரையைச் சட்டத்திற்குள் வைத்து மாட்டலாம். நல்ல பகுதியை மெத்தை உறையாகத் தைக்கலாம். தாத்தா கையால் எழுதிய ஒரு கடிதம், அம்மாவின் சமையற்குறிப்பு, பழைய பள்ளிச் சான்றிதழ் ஆகியவையும் சுவருக்கு ஏற்றவையே. குடும்பம் வாழ்ந்த தோட்டத்தின் பெயரை அழகிய எழுத்தில் எழுதி மாட்டினாலும் போதும். இதற்குப் பணம் அதிகம் தேவைப்படாது, பொறுமைதான் தேவை.

இவற்றைச் செய்யும் முறையும் முக்கியம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், நிற்பவரின் கண்ணுக்கு நேராக அமையும். நம் வீடுகளில் பல படங்கள் கூரையை ஒட்டித் தொங்குகின்றன. அவற்றில் உள்ள முகங்கள் யாருக்கும் தெரிவதில்லை. நிழற்படத்தில் நேரடி வெயில் பட்டால் அது வெளுத்துவிடும். நம் நாட்டின் ஈரக் காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஆகையால், மூலப் படத்தை உலர்ந்த இடத்தில் பாதுகாத்து, அதன் நகலை அச்சிட்டுச் சட்டமிடுவதே சிறந்தது. படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அதில் இருப்பவரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். பித்தளைப் பொருளைப் புளி கொண்டு துலக்கினால் மீண்டும் பளபளக்கும். மஞ்சள் ஒளி தரும் சிறு விளக்கொன்றை அருகில் வைத்தால், மாலையில் அந்த மூலையே தனி அழகு பெறும்.

நம் குடும்பப் பொருள்களோடு நாம் வாழும் மாநிலத்தின் கைவினைக்கும் இடம் கொடுக்கலாம். கோலக் கங்சார் வட்டாரத்தில் உருவாகும் லாபு சாயோங் என்னும் கருநிற மண்குடுவையும், வெல்வெட் துணியில் பொன்னிற நூலால் செய்யப்படும் தெக்காட் பின்னல் வேலையும் பேராக்கின் பெருமைகள். குத்துவிளக்கின் அருகில் ஒரு லாபு சாயோங் இருந்தால், அந்த வீட்டார் பேராக் மண்ணில் வேரூன்றிய தமிழர் என்பதை வருபவர் பார்த்த உடனே அறிந்துகொள்வார். வெளிநாட்டில் அச்சிட்ட பாரிஸ் கோபுரப் படம் அதைச் சொல்லுமா?

இப்பணியில் மாணவர்களுக்கே பெரும் பங்கு உண்டு. கைப்பேசியில் படமெடுக்கவும், நகலெடுக்கவும், பெயர்களைத் தொகுக்கவும் உங்களுக்குத் தெரியும். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லத் தெரிந்தவர்களோ பெரும்பாலும் எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் இருக்கும்போது கேட்காவிட்டால், அந்தப் படத்தில் இருப்பவர் பெயரற்ற ஒரு முகமாகிவிடுவார். பிறகு எந்த நூலகத்தில் தேடினாலும் அந்தப் பெயர் கிடைக்காது. ஏனெனில், தோட்டத்துத் தொழிலாளரின் வாழ்க்கையைப் பற்றி எழுதி வைத்தவர்கள் குறைவு. பல குடும்பங்களுக்கு அலமாரியின் அடியிலுள்ள அந்த ஒரு பெட்டிதான் எஞ்சியிருக்கும் ஆவணம்.

ஆகவே, அடுத்த முறை வீட்டை அழகுபடுத்தும்போது, கடைக்குச் செல்வதற்கு முன் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாட்டியையோ தாத்தாவையோ பக்கத்தில் அமர்த்தி, ஒவ்வொரு பொருளாக எடுத்து, “இது யாருடையது? எங்கிருந்து வந்தது?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, அவர்களே தேர்ந்தெடுக்கும் ஒரு பொருளுக்கு வரவேற்பறையில் நல்லதோர் இடம் கொடுங்கள். தீபாவளியன்று வீட்டிற்கு வரும் நண்பர், அவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ தமிழராகவோ இருக்கலாம், அதைப் பார்த்து, “இது என்ன?” என்று கேட்பார். அப்போது பதில் சொல்ல உங்களிடம் ஒரு கதை இருக்கும்.