கணினி தமிழ் நூலைப் படித்தால் எழுத்தாளருக்கு என்ன கிடைக்கும்?

சிங்கப்பூர் தனது பொன்விழாவைக் கொண்டாடிய 2015ஆம் ஆண்டில், தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின்கீழ் சுமார் 350 உள்ளூர்த் தமிழ் நூல்கள் மின்வடிவம் பெற்றன. அடுத்த தலைமுறை படிக்கட்டும் என்ற எண்ணத்தில் எழுத்தாளர்கள் மனமுவந்து அனுமதி அளித்தனர். அப்போது யாரும் எண்ணிப் பார்க்காத ஒரு வாசகர் இப்போது வந்துள்ளார். அவர் மனிதர் அல்லர், செயற்கை நுண்ணறிவு.

தென்கிழக்காசிய மொழிகளுக்கான மாதிரிகளை உருவாக்க 70 மில்லியன் வெள்ளித் திட்டத்தை அரசாங்கம் 2023 டிசம்பரில் அறிவித்தது. இங்கு உருவான ‘சீ லயன்’ மாதிரி தமிழையும் கற்கிறது. படைப்புகளைப் பயிற்சிக்குத் தருவீர்களா என்று 2024ல் உள்ளூர் எழுத்தாளர்களிடம் கேட்கப்பட்டபோது, பலர் தயங்கினர். எதற்குப் பயன்படும், என்ன ஊதியம் என்பவை தெளிவாக இல்லை என்பதே அவர்களின் குறை.

உண்மையில், சட்டம் அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்கவில்லை. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தின் 244ஆம் பிரிவு, கணினித் தரவுப் பகுப்பாய்வுக்காகப் படைப்புகளை நகலெடுக்க அனுமதிக்கிறது. வர்த்தக நோக்கமாக இருந்தாலும் தடையில்லை. ஆனால், படைப்பைச் சட்டப்படி பெற்றிருக்க வேண்டும். கட்டணத் தடையை உடைத்து எடுத்தால் விலக்கு கிடைக்காது. ‘பகுப்பாய்வு செய்யக்கூடாது’ என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்தாலும் அது செல்லாது.

அமெரிக்காவிலும் ஏறத்தாழ இதே கோடுதான் போடப்பட்டது. வாங்கிய நூல்களைக் கொண்டு பயிற்சி அளிப்பது நியாயமான பயன்பாடு என்றும், திருட்டுத் தளங்களிலிருந்து நூல்களைச் சேர்த்து வைத்தது அப்படியல்ல என்றும் 2025 ஜூனில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். பின்னர் ஆந்த்ரோபிக் நிறுவனம் 1.5 பில்லியன் அமெரிக்க டாலர், அதாவது நூலுக்குச் சுமார் 3,000 டாலர் வழங்க இணங்கியது. ஆனால், அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்தில் பதிவான நூல்களுக்கு மட்டுமே அந்தத் தொகை.

தமிழ் எழுத்தாளரின் நிலை இரண்டும் கெட்டான். ஒதுங்கி நின்றால், கணினி பேசும் தமிழில் நம் ஊர்ப் பேச்சும் வாழ்வும் இடம்பெறாமல் போகும். அள்ளிக் கொடுத்தால், சில நூறு பிரதிகள் விற்கவே சிரமப்படும் படைப்பாளிக்குப் பயன் ஏதுமில்லை.

ஊதியம் தரச் சட்டம் வற்புறுத்தவில்லை, தடுக்கவும் இல்லை. பொதுப் பணத்தில் நடக்கும் திட்டங்களாவது ஒரு நியாயமான தொகையும் நூலாசிரியர் பெயரும் தர முன்வரலாம். பிழையின்றித் தட்டச்சு செய்த மூலப்பிரதி இன்னும் எழுத்தாளர் கையில்தான் உள்ளது. பேரம் பேச அது ஒரு பிடி.

எழுத்தாளர்களும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இங்கு பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. எழுதியதுமே உரிமை பிறக்கிறது. ஆயினும், பதிப்பாளருடன் வாய்மொழியாகவே பேசி முடித்த நூல்கள் ஏராளம். நாளை பணம் வந்தால், அது யாருக்கு என்று சொல்ல எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வேண்டாமா?