மிதிகட்டையில் பூட்டும் காலணி

பெருநகரங்களில் குடியேறி வாழும் நம் அன்பர்களின் இல்லங்களில், இளைஞரும் யுவதியரும் விடியற்காலையில் சைக்கிளேறி நெடுந்தொலைவு சென்று திரும்பும் வழக்கம் பெருகி வருகிறது. 'ரோடு பைக்' எனப்படும் மெல்லிய சக்கர வண்டியை வாங்கிச் சில திங்கள் கழிந்ததும், 'கிளிப்லெஸ் பெடல்' வேண்டும் என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. காலை வண்டியோடு பூட்டிக்கொள்வதாமே, நெரிசலில் விழுந்தால் என்ன ஆவது என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பொருளற்றதன்று, எனினும் அது ஒன்றையே கொண்டு மறுத்துவிடுவதும் முறையன்று. எதைத் தேர்வது, எவ்வாறு பழகுவது என்பதை இத்திங்கள் நோக்குவோம்.

'கிளிப்லெஸ்' என்றால் கிளிப் இல்லாதது என்று பொருள். காலணியைப் பூட்டும் ஒன்றுக்கு இப்பெயர் எவ்வாறு வந்தது? முற்காலப் பந்தய வீரர்கள் மிதிகட்டையின் முன்புறம் ஒரு கூட்டினை அமைத்து, அதனுள் கால்விரல்களை நுழைத்துத் தோல்வாரால் இறுக்கிக்கொண்டனர். அக்கூட்டிற்கே கிளிப் என்று பெயர். 1984-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லுக் நிறுவனத்தார், பனிச்சறுக்குக் காலணியைப் பிணிக்கும் முறையை மிதிகட்டைக்குக் கொணர்ந்தனர். கூடும் வாரும் ஒழிந்தன. மறு ஆண்டே பெர்னார் இனோ என்ற வீரர் அத்தகைய மிதிகட்டையுடன் 'தூர் த பிரான்சு' பந்தயத்தில் வென்றார். வாரினைத் தளர்த்தக் கை வேண்டும். இதிலோ குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினாலே பாதம் விடுபடும்.

இதனால் விளையும் பயன் யாது? குண்டும் குழியுமான சாலையிலும், விரைந்து மிதிக்கும்போதும் பாதம் நழுவாது. என்றும் ஓரிடத்திலேயே அமைந்திருக்கும். காலை மேலே இழுத்தும் வண்டியைச் செலுத்தலாம், அதனால் வேகம் இரட்டிக்கும் என்று சிலர் கூறுவதை அப்படியே நம்ப வேண்டுவதில்லை. சீராகச் செல்கையில் விசையின் பெரும்பகுதி கீழ்நோக்கி மிதிப்பதிலேதான் பிறக்கிறது.

நிற்க. காலணியின் அடியில் திருகப்படும் சிறு துண்டினைக் 'கிளீட்' என்பர். அதனை இரண்டு திருகுகளால் பொருத்துவது ஒரு வகை. மூன்று திருகுகளால் பொருத்துவது மற்றொரு வகை. ஷிமானோ நிறுவனத்தார் 1990-இல் வெளியிட்ட 'எஸ்.பி.டி.' முதல் வகையைச் சார்ந்தது. இதன் கிளீட் சிறிது, எஃகினால் ஆனது, காலணியின் அடிக்குள் பதிந்திருப்பதால் இயல்பாக நடக்கலாம். இவ்வகை மிதிகட்டைகள் பலவற்றில் இரு பக்கமும் பூட்டும். மூன்று திருகு வகையின் கிளீட் அகன்றது, பிளாஸ்டிக்கால் ஆனது, பாதத்தின் அழுத்தத்தைப் பரந்த இடத்தில் தாங்குவதால் நெடுநேரம் மிதிப்போர்க்கு இதமானது. ஆயினும் அதனுடன் நடப்பது வாத்து நடையாகும். வழவழப்பான பளிங்குத் தரையில் வழுக்கும். நடக்க நடக்கத் தேயவும் செய்யும்.

ஆகவே தேர்வுக்குரிய வினா ஒன்றே: ஒரு பயணத்தில் எத்தனை முறை காலைத் தரையில் ஊன்ற வேண்டியிருக்கும்? சிக்னல்தோறும் நின்று, தேநீர்க் கடையில் இறங்கி, குடியிருப்பின் மாடிப்படி ஏறித் திரும்பும் நம்மவர்க்கு இரண்டு திருகு வகையே ஏற்றது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் கடக்கும் 'பிரெவே' பயணம் செல்வோரும், வழியில் குறித்த இடங்களில் இறங்கி அட்டையில் பதிவு பெற வேண்டியிருத்தலால் இதனையே கொள்வது நன்று. நகரெல்லை தாண்டி நில்லாமல் செல்வோரும் பந்தயம் புகுவோரும் மூன்று திருகினை நாடலாம். வீட்டில் ஒரே வண்டிதான், தந்தை கடைவீதிக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கும் அதனையே எடுப்பர் என்றால், ஒருபுறம் பூட்டும் மறுபுறம் தட்டையுமான மிதிகட்டையும் உண்டு.

வாங்குமுன் இரண்டு செய்திகளை மறவாதீர். முதலாவது, காலணியின் அடியிலுள்ள துளைகள் நாம் கொள்ளும் வகைக்குப் பொருந்துகின்றனவா எனப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். இரண்டாவது, பூட்டிய பின்னும் பாதம் சற்றே பக்கவாட்டில் அசைய இடமிருத்தல் முழங்காலுக்கு நல்லது. மூன்று திருகு வகையில் அவ்வசைவின் அளவை நிறத்தால் குறிப்பர். ஷிமானோவில் மஞ்சள் 6 பாகை, நீலம் 2 பாகை, சிவப்பு அசைவற்றது. லுக் நிறுவனத்தின் கியோ வகையிலோ சிவப்பு 9 பாகை, சாம்பல் நிறம் 4.5 பாகை, கறுப்பு அசைவற்றது. ஒரே சிவப்பு, ஓரிடத்தில் மிக்க விடுதலை. மற்றோரிடத்தில் முழுப் பிணிப்பு! நிறத்தை மட்டும் நினைவிற்கொண்டு கடைக்குச் செல்வோர் ஏமாறுவர். புதியவர்கள் அசைவு மிகுந்ததையே கொள்க. ஒருவர் கிளீட் மற்றவர் மிதிகட்டையில் பொருந்தாது என்பதும் அறிக.

மிதிகட்டையை வீட்டிலேயே பொருத்துவோர், இடப்பக்கத் திருகின் புரி எதிர்த்திசையில் அமைந்தது என்பதை அறிதல் வேண்டும். ஸ்பானரின் பிடி மேல்நோக்கி இருக்க, வண்டியின் முன்புறமாகத் திருப்பினால் இரு பக்கமும் இறுகும். புரியில் சிறிது கிரீஸ் தடவுக.

இனிப் பெற்றோர் அஞ்சும் விழுகையைப் பற்றிக் கூறுவோம். விரைந்து செல்கையில் அன்று, நிற்கப்போகும் தருணத்திலேயே புதியவர்கள் விழுகின்றனர். வண்டி நின்றபின் காலை விடுவிக்க முயல்வதே காரணம். நம் நாட்டில் இடப்புறமே செல்வதால், இடக்காலை ஓரத்தில் ஊன்றுதல் வேண்டும். வலப்புறம் சாய்ந்தால் பின்வரும் வண்டியின் முன் விழ நேரும். எனவே பூட்டின் இறுக்கத்தை அதற்குரிய திருகினால் இயன்றவரை தளர்த்தி, முதலில் சுவரைப் பிடித்து நின்றும், பின்னர் ஆளில்லாத மைதானத்திலும், இடக்காலை விடுவிக்கும் செயலை எண்ணாமலே செய்யும் அளவுக்குப் பழகுக. சிக்னல் கண்ணில் பட்டதுமே கால் விடுபட்டிருக்க வேண்டும்.

பூட்டுவது எளிது, ஒரு நாளில் வந்துவிடும். விடுவிப்பது கைவரும்வரை நெரிசல் மிக்க சாலைக்குச் செல்வதில்லை என்று பிள்ளைகள் உறுதி கூறட்டும். பெற்றோரும் மனமுவந்து வாங்கிக் கொடுக்கட்டும்.