துண்டு போட்டு இடம் பிடிக்கும் புரதம்

போன மாசம் அத்தையோட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்துச்சு. பச்சைத் தண்ணில கை வச்சா விரல் நுனியெல்லாம் வெளுத்து, அப்புறம் நீலம் பாரிச்சு மரத்துப் போகுது அவங்களுக்கு. வயசாச்சுல்லன்னு சொல்லியே ஒரு வருஷம் ஓட்டிட்டாங்க. ரிப்போர்ட்ல ஒரு வரி: சென்ட்ரோமியர் ஆன்டிபாடி, பாசிட்டிவ்.

அத்தை கேட்டது ஒரே கேள்விதான். "ஜீன்லயே எழுதியிருக்காடா? அப்ப என் பொண்ணுக்கும் வருமா?"

"அப்படி நேரா மகளுக்குப் போற வியாதி இல்லம்மா"ன்னு டாக்டர் சொல்லிட்டார். குரோமோசோம்ல ஒண்ணும் கோளாறு இல்லையாம். உடம்போட காவல்படை, சொந்த வீட்டுப் புரதங்களையே எதிரின்னு நினைச்சுக்குது, அவ்வளவுதான். அவங்க நிம்மதியாயிட்டாங்க. எனக்குத்தான் அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. பன்னிரண்டாம் வகுப்போட மறந்துபோன வார்த்தை இப்படித் திரும்பி வரும்னு யார் கண்டா?

நமக்கு சென்ட்ரோமியர்னா என்ன? எக்ஸ் மாதிரி படம் போட்டு, நடுவுல ஒரு புள்ளி வச்சு, அம்புக்குறி. ஒரு மார்க். கதிர்கோல் இழைகள் பிடிச்சு இழுக்குற இடம். மணி அடிச்சாச்சு, வீட்டுக்குப் போ. அந்த இடம் ஏன் அங்க இருக்குன்னு யாரும் கேக்கல, நானும் கேக்கல.

இத்தனைக்கும் அந்தப் புள்ளிக்குள்ள இருக்குற புரதங்களைக் கண்டுபிடிக்க உதவினதே அத்தை மாதிரி ஆளுங்க ரத்தம்தான். தோல் இறுகிப்போற ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளோட ரத்தம் சென்ட்ரோமியர்ல போய் ஒட்டுறதை 1980ல பார்த்தாங்க. அதையே தூண்டிலா வச்சு 1985ல எர்ன்ஷாவும் ராத்ஃபீல்டும் மூணு புரதத்தைப் பிடிச்சாங்க: சென்ப்-ஏ, பி, சி. இதுல ஏ-தான் நம்ம கதாநாயகன். டி.என்.ஏ. சுத்திக்கிற உருளைகள்ல வழக்கமா எச்3ன்னு ஒரு ஹிஸ்டோன் இருக்கும். சென்ட்ரோமியர்ல மட்டும் பல உருளைகள்ல அதுக்குப் பதிலா இது உக்காந்திருக்கும். 1991ல இதைப் பிரிச்செடுத்தது காளையோட விந்துலேருந்து. விந்தணு தன்னோட ஹிஸ்டோன்ல பெரும்பாலானதை வெளிய தூக்கிப் போட்டுடும். இதை மட்டும் விடாது!

ஏன்னா அது துண்டு. டவுன் பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். சீட்ல யார் பேரும் எழுதியிருக்காது. துண்டு கிடக்குற இடம் நம்ம இடம்.

செல் பிரியுறதுக்கு முன்னாடி டி.என்.ஏ. இரட்டிக்கும்போது பழைய துண்டுகள் ரெண்டு பிரதிக்கும் பாதிப் பாதியா பிரிஞ்சு போகும். புதுசு உடனே வராது. அந்தப் பாதியை வச்சே இழுத்துப் பிரிக்கிற வேலையெல்லாம் முடியும். மனுஷ செல்லுல, பிரிஞ்சு முடிச்சு புதுச் செல் கண்ணைத் திறக்குற நேரத்துலதான் மிஸ்18ன்னு ஒரு கூட்டணி வந்து, பழைய துண்டு எங்க கிடக்குன்னு பார்த்து அடையாளம் வைக்கும். ஹெச்ஜேயுஆர்பின்னு (வாயில நுழையலல்ல? எனக்கும்தான்) ஒரு சுமைதாங்கிப் புரதம் புதுத் துண்டைக் கொண்டாந்து அங்கயே போடும். மத்த நேரத்துல சி.டி.கே. நொதிகள் இந்த வேலையைப் பூட்டி வச்சிருக்கும். பூட்டலைன்னா? ஒரே குரோமோசோம்ல ரெண்டு சென்ட்ரோமியர் வந்து, ரெண்டு பக்கமும் இழுபட்டு அறுந்துடலாம். ஒண்ணுமே இல்லைன்னாலோ, இழுக்க ஆளில்லாம நடுத்தெருவுல நிக்கும்.

"அதெல்லாம் சரி, டி.என்.ஏ. எழுத்துதானே துண்டு போடுற இடத்தைச் சொல்லுது?"ன்னு கேப்பீங்க. ரொட்டி ஈஸ்ட்ல ஆமாம். அங்க சுமார் 125 எழுத்துல சங்கதி முடிஞ்சுது. நமக்கு 171 எழுத்து ஆயிரக்கணக்குல திரும்பத் திரும்ப வரும் ஆல்ஃபா சாட்டிலைட். அதைப் பார்த்து நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். ஆனா 1993ல மெல்போர்ன்ல ஆண்டி சூ குழு ஒரு குழந்தையோட பத்தாவது குரோமோசோம்லேருந்து உடைஞ்சு உருவான துண்டைப் பார்த்தாங்க. ஆல்ஃபா சாட்டிலைட் கண்ணுக்கே தட்டுப்படல. ஆனா சென்ட்ரோமியர் ஜோரா வேலை செய்யுது. எழுத்து மாறல, இடம் மாறிடுச்சு. அப்படி மாறின இடம் செல் பிரியப் பிரிய அதே இடத்துல தொடருது.

அந்த எழுத்து வேஸ்ட்னு சொல்ல வரல. சென்ப்-பி அதுல ஒரு 17 எழுத்தைப் பிடிச்சுக்கிட்டு இடத்தை உறுதியாக்குது. ஆனா ஆண்களோட ஒய் குரோமோசோம்ல அந்த 17 எழுத்தே கிடையாது, அதுவும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

என் கோபம் இதுதான் மக்களே. மனுஷனோட சென்ட்ரோமியர் எழுத்துகளை 2022ல முழுசா படிச்சாச்சு. அத்தனையும் படிச்சாலும், இன்னிக்கு துண்டு எங்க கிடக்குன்னு தெரிய புரதத்தைத்தான் தேடணும். நாம என்னடான்னா கோபக்காரப் பையன்லேருந்து கணக்கு வராத பொண்ணு வரைக்கும் "ஜீன்லயே எழுதியிருக்கு"ன்னு ஜாதகம் மாதிரி சொல்லிக்கிட்டிருக்கோம். ஒவ்வொரு தடவை செல் பிரியும்போதும் தேவைப்படுற இவ்வளவு அடிப்படையான சமாச்சாரமே, எழுதி வச்சு இல்ல, புரதம் கைமாத்திக் கைமாத்தித்தான் வருதுங்குறதை அந்தப் புள்ளி பக்கத்துல ரெண்டு வரி சேர்த்தா பாடப்புத்தகம் கனத்துடுமா?

அத்தைகிட்ட துண்டுக் கதையைச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "சரிடா, வெந்நீர் போட்டுக் குடு, பாத்திரம் கழுவணும்"னாங்க.

டிஸ்கி: ரிப்போர்ட்ல இந்த வரியைப் பார்த்தா பதிவு படிச்சுக்கிட்டு உக்காராதீங்க, டாக்டரைப் பாருங்க. உயிரியல் படிச்சவங்க தப்பிருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திக்கிறேன் :-)